ஃபாதர் என்று கூப்பிடாதீர்கள்

பாறைமேடு கத்தோலிக்கப் பங்குக்குப் புதிதாக வந்த சாமியார், முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஓர் அறிவிப்புச் செய்தார். தம் பெயர் கதிர் என்றார். வயதில் பெரியவர்கள் பெயரைச் சொல்லியே கூப்பிடலாம், சின்னவர்கள் அண்ணா என்று கூப்பிடலாம், ஆனால் தயவுசெய்து யாரும் தம்மை ஃபாதர் என்று மட்டும் கூப்பிட வேண்டாம் என்றார். காரணம் எதுவும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அங்கியைக் கழற்றப் பின்னறைக்குப் போய்விட்டார்.

வெளியே ஆடி மழை பிடித்துக்கொண்டதால் சனம் கோயிலுக்குள்ளேயே நின்று பேசியது. பாடகர் குழுப் பெண்களுக்கு இது பிடித்திருந்தது. சாமியார் நம்மில் ஒருவராக இருக்க ஆசைப்படுகிறார் என்றார்கள். வயதானவர்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அம்புரோஸ் மட்டும் பின்னறையின் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்புரோஸ் பங்குப் பேரவையின் துணைத் தலைவர். அருவங்காடு கார்டைட் பேக்டரியில் கேட் சோதனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெடிமருந்து செய்கிற இடத்துக்குள் ஒரு தீக்குச்சி போனாலும் ஆபத்து என்பதால், உள்ளே போகும் ஒவ்வொருவரின் சட்டைப் பையையும் மடித்த வேட்டியையும் தடவிப் பார்ப்பதுதான் அவருடைய வேலை. அதில் அவர் கற்றுக்கொண்டது ஒன்று. கேட்பதற்கு முன்பே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வருகிறவனை இன்னொரு தடவை தடவிப் பார்க்க வேண்டும். யாரும் கேட்காமலேயே ஒரு மரியாதையை வேண்டாம் என்கிற சாமியாரும் அப்படிப்பட்டவர்தான் என்று அவருக்குப் பட்டது.

அந்த வார்த்தை அவரைச் சுட்டதற்கு வேறு காரணமும் இருந்தது. அவருடைய ஒரே மகள் சசிகலா கல்யாணமாகிக் கேத்திக்குப் போனபின் கணவனோடு சேர்ந்து பெந்தெகொஸ்தே சபைக்குப் போக ஆரம்பித்தாள். ஒருமுறை வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்திருந்த பழைய பங்குச் சாமியாரை, எல்லோர் முன்னாலும் ‘பிரதர்’ என்று கூப்பிட்டாள். சாமியார் சிரித்துக்கொண்டார். அம்புரோசுக்குத் தாங்கவில்லை. பூமியில் எவரையும் தந்தை என்று அழைக்காதீர்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே, வேதத்தில் இருப்பதைத்தானே செய்தேன் என்றாள் அவள். அதே வேதத்தில் பவுலடிகள் தம்மைச் சபைக்குத் தகப்பன் என்று சொல்லிக்கொள்கிறாரே, ஆபிரகாமைத் தந்தை என்கிறோமே என்று இவர் கேட்டார். பேச்சு வளர்ந்து, அந்த வார்த்தை வாயில் வராதவள் இந்த வீட்டுப் படியேற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் அப்படியே செய்தாள். அதிலிருந்து தாயோடு மட்டும் போனில் பேசுவாள்.

ஆகவே, கதிரின் அறிவிப்பைக் கேட்டதும், மகளைக் கொண்டுபோன கூட்டம் இப்போது அங்கி போட்டுக்கொண்டு பீடத்துக்கே வந்துவிட்டது என்று அம்புரோஸ் நினைத்தார். மனைவி ஜோதிமணியிடமும் அப்படியே சொன்னார்.

“வந்து ஒரு வாரங்கூட ஆகலீங்க. அதுக்குள்ள அந்தப் புள்ளயத் துருவாதீங்க” என்றாள் அவள்.

அவர் துருவினார். கதிர் பூசையைக் குறையில்லாமல் செய்தார். ஜெபமாலை சொன்னார். நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோனார். பிரசங்கத்தில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் வியாழக்கிழமை தோறும் காலைப் பூசை முடிந்ததும், அங்கி இல்லாமல், பழைய ஜெர்கினும் குரங்குக் குல்லாயும் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பிவிடுவார். எங்கே என்று கேட்டால் ஒரு வேலை என்பார். கோயிலைப் பெருக்கும் இசக்கியம்மாவிடம் விசாரித்ததில், மஞ்சூர்ப் பக்கம் போவதாகத் தெரிந்தது. போகும்போது பை நிறையச் சாமான் இருக்கும், திரும்பி வரும்போது பை காலியாக இருக்கும், சில நாள் கண் சிவந்திருக்கும் என்றும் அவள் சொன்னாள்.

ஆவணியில் ஒருநாள் அம்புரோஸ் இரத்த அழுத்த மாத்திரை வாங்கக் குன்னூர் பஜாரில் அயூப்பின் மருந்துக் கடைக்குப் போனார். அங்கே கதிர் நின்றிருந்தார். இவரைப் பார்த்ததும் கையிலிருந்த பையைச் சட்டென்று மடக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, நலமா அண்ணா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்குள் பையின் வாயில் நீட்டிக்கொண்டிருந்ததை அம்புரோஸ் பார்த்துவிட்டார். டயப்பர் பாக்கெட்.

சாமியார் அடிக்கடி வருவாரா என்று அயூப்பிடம் கேட்டார். அயூப் மாத்திரை அட்டையை உறையில் போட்டபடியே, கடைக்கு வருகிறவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று அடுத்தவரிடம் சொல்கிற வழக்கம் தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். அவர் சொல்ல மறுத்தது அம்புரோசுக்கு ஒரு பதிலாகவே பட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது எல்லாம் பொருந்தி வந்தது. மஞ்சூர்ப் பக்கம் ஒரு பெண் இருக்கிறாள். ஒரு குழந்தை இருக்கிறது. அந்தக் குழந்தை அப்பா என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு வருகிறவனுக்கு, பீடத்தில் நின்று ஃபாதர் என்ற வார்த்தையைக் கேட்கக் காது கூசுகிறது. அதுதான் காரணம்.

பேரவையில் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு ஊட்டிக்குப் போய் ஆயர் இல்லத்தில் முறையிட்டார். டயப்பரைப் பற்றி அங்கே வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. சாமியாரின் போக்கு சரியில்லை, தம் பட்டத்தையே வேண்டாம் என்கிறார், வாரா வாரம் எங்கோ போகிறார் என்று மட்டும் சொன்னார். அங்கிருந்த மூத்த குரு பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, விசாரிக்க வருவதாகச் சொன்னார்.

அவர் வருகிறவரை அம்புரோசால் பொறுக்க முடியவில்லை. அடுத்த வியாழக்கிழமை, கதிர் கிளம்புவதற்கு முன்பே குன்னூர் போய் மஞ்சூர் பஸ் பிடித்தார். பாதி வழியில், பனிமூட்டத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு பைக் பஸ்ஸைத் தாண்டிப் போனது. மஞ்சூரில் இறங்கி, டீக்கடையில் அந்த பைக்கை அடையாளம் சொல்லிக் கேட்டார். குந்தா பாலத்துக்கு இறங்கிப் போயிருக்கும், மின்வாரியத்தில் வேலை பார்த்த முத்துவேல் வீட்டுக்கு வாரந்தோறும் வருகிற பைக் அது என்றார்கள். முத்துவேலுக்கு மகள் இருக்கிறாளா என்று கேட்டார். ஆமாம், ராஜி இருக்கிறாள், தேயிலை பேக்டரியில் வேலை, புருஷன் இல்லை என்றார்கள். அம்புரோஸ் மேலே எதுவும் கேட்கவில்லை.

வீடு தேயிலைச் சரிவுக்குக் கீழே இருந்தது. பைக் வாசலில் நின்றது. கயிற்றில் ஒரு சேலையும் பழைய துணிகளும் காயாமல் தொங்கின. கதவைத் தட்டியதும் ஒரு பெண் திறந்தாள். நாற்பது வயதிருக்கும். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள் போல, தோளில் பை இருந்தது. அவளுக்குப் பின்னால், கட்டிலில் நீட்டிக் கிடந்த ஒரு முதியவரின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார் கதிர். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டியிருந்தார். கட்டிலுக்கு அடியில் அந்த டயப்பர் பாக்கெட் பிரிந்து கிடந்தது. பெரியவர்களுக்கானது.

யார் நீங்கள் என்று ராஜி இரண்டாம் தடவை கேட்டாள்.

“பாறைமேட்டுலயிருந்து வரேனுங்க” என்றார். “ஃபாதரப் பாக்கோணும்.”

கதிரின் கையிலிருந்த கரண்டி நின்றது. முதியவர் முத்துவேலுக்கு ஒரு பக்கம் வாதத்தில் விழுந்திருந்தது. ஆனால் காது நன்றாகக் கேட்டது. அவர் தம் மகன் கதிரை நிமிர்ந்து பார்த்தார். வாயிலிருந்த கஞ்சியைத் துப்பினார். பிறகு, நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கதிர் அம்புரோசை வெளியே அழைத்து வந்தார். அவருக்குக் கோபம் வந்து அம்புரோஸ் அதுவரை பார்த்ததில்லை.

“என்னத்தத் தேடி வந்தீங்கண்ணா? கெடச்சுதுங்களா?”

பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்துகொண்டு சுருக்கமாகச் சொன்னார். முத்துவேல் நடுவயதில் பெந்தெகொஸ்தே சபையில் ஞானஸ்நானம் எடுத்தவர். கோயில் பள்ளியின் விடுதியில் படித்த மகன் கத்தோலிக்கனாகிக் குருமடத்துக்குப் போனதும் பேச்சை நிறுத்திவிட்டார். குருப்பட்டம் வாங்கிய நாளில் வரவில்லை. போன வருஷம் வாதம் வந்து விழுந்தபின், ராஜி கெஞ்சியதால் மகனை வீட்டுக்குள் விட்டார். அதற்கு ஒரு நிபந்தனை வைத்தார். ஊரார் தன்னைத் தகப்பன் என்று கூப்பிடுவதை ஒத்துக்கொண்டு இருக்கிறவன் இங்கே வரக் கூடாது. என் முன்னால் மட்டுமல்ல, எங்கேயும் கூடாது என்றார். கதிர் சரி என்றார். அதனால்தான் புதிய பங்குக்கு வந்ததும் வராததுமாக அந்த அறிவிப்பு.

காரணத்தை அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லியிருக்கலாமே என்று அம்புரோஸ் முனகினார். சொல்லியிருந்தால் பாறைமேடே ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வேனில் வந்து இறங்கியிருக்கும், இறங்கும்போதே ஃபாதரோட அப்பா எங்கே என்று கேட்டிருக்கும் என்றார் கதிர். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு கதிர் திரும்பிப் போனார்.

அடுத்த வாரம் ஊட்டியிலிருந்து மூத்த குரு விசாரணைக்கு வந்தார். பேரவை கூடியது. குருவை ஃபாதர் என்று அழைப்பது அன்பினால் வந்த வழக்கம்தான், திருச்சபைக் கட்டளை அல்ல, ஒருவர் வேண்டாம் என்றால் அது குற்றமும் ஆகாது என்று அவர் விளக்கினார். ஆனால் வியாழக்கிழமைப் பயணம் பற்றி உங்கள் புகார் என்ன என்று அம்புரோசையே கேட்டார். என் புகாரை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார் அம்புரோஸ். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

கூட வந்து முறையிட்ட இருவரும் எழுந்துவிட்டார்கள். எங்களைக் கூட்டிக்கொண்டு போனதே நீங்கள்தானே, இந்த ஒரு வாரத்தில் சாமியார் உங்களை என்ன செய்து கைக்குள் போட்டுக்கொண்டார் என்று நேராகவே கேட்டார்கள். அன்றிலிருந்து பாறைமேட்டில் சந்தேகம் சாமியாரை விட்டு அம்புரோஸ் மேல் திரும்பியது. அவர் கோயில் வாசலில் நின்றால் பேச்சு அடங்கியது. பிறரை அப்படி நிற்க வைத்தே பழகியவருக்கு, தாம் அப்படி நிற்பது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த வியாழக்கிழமை பைக் கிளம்பவில்லை. அதற்கடுத்த வியாழனும் கிளம்பவில்லை. கதிர் கோயிலுக்குப் பின்னால் முட்டைக்கோஸ் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். அம்புரோஸ் பக்கத்தில் போய் நின்றார். ஃபாதர் என்று கூப்பிடவும் முடியவில்லை, கதிர் என்று கூப்பிடவும் வரவில்லை.

“ஏனுங்க” என்றார். “போகலீங்களா?”

அப்பா இனி வீட்டுக்குள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றார் கதிர். நான் சொன்னது பொய், ஊரெல்லாம் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட விட்டுவிட்டு இங்கே வந்து நடிக்கிறேன் என்கிறாராம். ராஜி ஊட்டினாலும் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். சொல்லும்போது அவர் களை எது, செடி எது என்று பார்க்காமல் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

அம்புரோஸ் ஜோதிமணியிடம்கூடச் சொல்லாமல் குந்தாவுக்குப் போனார். ராஜி கதவைத் திறந்து, அவரைப் பார்த்ததும் மூடப் பார்த்தாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுகிறேன் என்று கெஞ்சி உள்ளே வந்தார். முத்துவேல் மெலிந்திருந்தார். முகத்தில் கண்கள் மட்டும் பெரிதாக இருந்தன.

“பையன் அனுப்பிச்சானா?”

“இல்லீங்க. அவருக்குத் தெரியாது.”

“கோயில்ல அனுப்பிச்சாங்களா? சாகறதுக்குள்ள என்னையும் அங்க சேர்த்துப்போடலாம்னு?”

அதுவும் இல்லை என்றார் அம்புரோஸ். தாம் யார், எதற்காக முதலில் வந்தோம் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னார். முதல் ஞாயிற்றுக்கிழமை கதிர் எல்லோர் முன்னாலும் அறிவித்ததைச் சொன்னார். அந்த அறிவிப்பினாலேயே தமக்குச் சந்தேகம் வந்ததையும், டயப்பரைப் பார்த்துக் குழந்தை இருக்கிறது என்று நினைத்ததையும், பெண் இருக்கிறாள் என்று நினைத்துப் பின்தொடர்ந்ததையும் சொன்னார். அடுப்படியில் ராஜி தலையில் அடித்துக்கொண்டது கேட்டது.

“உங்க பையன் சொன்ன சொல்லக் காப்பாத்தலீன்னா, நான் இந்த மலையெறங்கி வந்திருக்கவே மாட்டனுங்க. அவரு அந்தப் பேர வேண்டாம்னதாலதான் அவரத் திருடன்னு நெனச்சேன். இதுக்கு என்னயவிட வேற சாட்சி யாருங்க? நான் அவருக்கு வேண்டியவன் இல்லீங்க.”

முத்துவேல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டில் நின்று ஆட்களைப் பார்த்த கண்களுக்கு அந்தப் பார்வை தெரிந்தது. இவன் பையில் என்ன வைத்திருக்கிறான் என்று தேடும் பார்வை. அம்புரோஸ் அசையாமல் அதற்கு இடம் கொடுத்தார்.

நீ அன்றைக்கு வாசலில் நின்று அந்தப் பேரைச் சொன்னாயே என்று முத்துவேல் கேட்டார். என் நாக்குப் பழக்கம், அவர் விட்ட பிழை அல்ல என்றார் இவர். இன்னும் பலருக்கு நாக்கு அப்படித்தான் வருகிறது, அவர் ஒவ்வொருவரையும் திருத்துகிறார், சிலர் திருந்துவதில்லை என்றும் மறைக்காமல் சொன்னார். பிறகு, தயங்கித் தயங்கி, சசிகலாவைப் பற்றிச் சொன்னார். அதே வார்த்தைக்காக மகளைப் படியேற வேண்டாம் என்று சொன்னதைச் சொன்னார்.

“அந்தப் புள்ள சொன்னது வேதத்துல இருக்கறதுதானே?” என்றார் முத்துவேல்.

“இருக்குதுங்க. எங்க பக்கத்துக்கும் வேதத்துல இருக்குதுங்க.”

முத்துவேல் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. வாதம் கோணலாக்கிய வாயில் அது சிரிப்பா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிறகு அவர் பேசியபோது குரல் மாறியிருந்தது.

“வேதம் ஒருபக்கம் கெடக்கட்டும். எனக்கு ஒரே பையன். அவனச் சாமியாராக்கி, அப்பான்னு கூப்பிட ஒரு கொழந்தை இல்லாமப் பண்ணிப்போட்டு, ஊர்ல போறவன் வாரவனெல்லாம் அவன அப்பான்னு கூப்பிடுவான். அதக் கேட்டுக்கிட்டு நான் இருக்கோணுமா? சொல்லு பாக்கலாம்.”

தெரியவில்லை என்று அம்புரோஸ் சொன்னார். அவர் எழுந்திருக்கும்போது ராஜி ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை கதவருகிலேயே நின்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்புரோஸ் கேத்திக்குப் போனார். சசிகலா கதவைத் திறந்து அவரைப் பார்த்துப் பயந்து, அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டாள். இல்லை, சும்மா வந்தேன் என்றார். அவள் நம்பவில்லை. யார் என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று இரண்டு மூன்று விதமாகக் கேட்டாள். சாப்பாட்டுக்கு முன்னால் அவள் கணவன் கைகளை விரித்து நெடுநேரம் ஜெபித்தான். மற்றவர்கள் கண்ணை மூடியிருக்க, அம்புரோஸ் மட்டும் திறந்த கண்ணோடு உட்கார்ந்து, தம் பெயர் அந்த ஜெபத்தில் வருகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தார். வந்தது. என்னை மாற்றச் சொல்லிக் கேட்கிறார்களோ என்று காதைத் தீட்டினார். சுகம் மட்டும்தான் கேட்டார்கள். கிளம்பும்போது, அடுத்த மாதம் வீட்டுக்கு வா என்றார். எந்த வார்த்தையையும் பற்றிப் பேசவில்லை. பார்க்கலாம் என்றாள் அவள்.

குந்தாவிலிருந்து சேதி, மலையில் உறைபனி விழத் தொடங்கியபிறகுதான் வந்தது. மகன் வரலாம் என்று முத்துவேல் ராஜியிடம் சொல்லியிருந்தார். ஆனால் அந்த அருவங்காடு பேக்டரிக்காரனும் கூட வர வேண்டும், அவனிடம் கேட்க வேண்டியது இருக்கிறது என்றும் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை கதிரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அம்புரோஸ் போனார்.

முத்துவேல் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகனைக் கவனிக்காதது போல அம்புரோசிடம் கேட்டார்.

“நெசம் சொல்லோணும். போன ஞாயித்துக்கெழம இவன எத்தன பேரு அப்பிடிக் கூப்பிட்டாங்க?”

கதிர் கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு அம்புரோசைப் பார்த்தார். ஒருவரும் இல்லை என்று சொல்லிவிடலாம். எல்லோருக்கும் அது சௌகரியமாக இருக்கும்.

“பாதிப் பேரு கூப்பிட்டாங்க” என்றார் அம்புரோஸ். “இவரு வேண்டாம்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு. நானே ஒருக்கா சொல்லிப்போட்டேனுங்க.”

முத்துவேல் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அம்புரோசின் முகத்தில் அதிக நேரம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். கதிர் முதல் கரண்டியை ஊட்டினார். கொஞ்சம் தாடையில் வழிந்தது. அதைத் துண்டால் துடைத்தார்.

“உப்பு பத்தல” என்றார் முத்துவேல்.

ராஜி உப்பு எடுக்க உள்ளே போனாள்.